இரண்டாம் செவ்வாய்

எம்.சி. ரோட்டில் கடைசி ஷட்டர் இறங்கிய பிறகு
ஜெராக்ஸ் கடை மாடியில் கூடுகிறோம்,
மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.
ஐந்து பேர், ஆறு நாற்காலி.
ஆறாவதில் பைகள்.

விதி ஒன்றுதான். தௌலத் எழுதி ஒட்டினார்,
கேரம் கோச், நகக்கண்ணில் எப்போதும் பவுடர்:
'பசங்களைப் பற்றிப் பேசக் கூடாது.'

முதல் மாதம் அதைப் படித்துவிட்டு
இருபது நிமிடம் யாருக்கும் வாய் வரவில்லை.
கஜபதி எழுந்து ஜன்னலைத் திறந்தார்,
மணலிப் பக்கத்து நாற்றத்தை உள்ளே விட்டார்,
மறுபடி மூடினார்.
அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.
டீக்கு அறுபது ரூபாய்.

எனக்குத் தெரியும்
எந்தப் பெண்ணுக்குக் கம்பி மார்புக்கு வரும்போது கண் மூடும்,
யார் வீட்டில் முட்டைக்கு வழியில்லை,
யாருடைய அப்பாவிடம் எத்தனை மணிக்குள் பேசிவிட வேண்டும்.
எனக்கு எது பிடிக்கும் என்று ஜெசிந்தா கேட்டபோது
யோசித்து, யோசித்து,
'சீக்கிரம் வர்ற பஸ்' என்றேன்.
சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜெசிந்தா புது நர்சுகளுக்கு முதல் மரணத்தைச் சமாளிக்கக் கற்றுத்தருபவள்.
இருபத்தி ஏழாவது பேட்ச்.
தன்னுடைய முதல் மரணத்தை
இந்த மாடியில்தான் முதன்முறை சொன்னாள்,
காசிமேட்டு ஆள், நாற்பத்தொன்று, ஒற்றைச் செருப்பு.
மற்றச் செருப்பை அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ரூபன் பெரம்பூரில் இன்டர்வியூ கிளாஸ் எடுப்பவன்.
'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு
பதினொரு வகைப் பதில் வைத்திருக்கிறான்.
அவன் முறை வந்தபோது
பதினொன்றையும் சொல்லி முடித்துவிட்டு
தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு வலது தோள்.
மூன்று வருஷம்.
புளி டப்பாவை மேல்தட்டிலிருந்து கீழே மாற்றிவிட்டேன்,
தலை பின்ன முடியாமல் முடியை வெட்டிவிட்டேன்,
ஸ்டைல் என்று சொன்னேன்.
ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டு வாங்கி
வரிசை நீளம் என்று திரும்பி வந்தேன்.
வரிசை நீளமில்லை.

வியாசர்பாடி ஷெட்டில் சுவர் முழுக்க என் கையெழுத்து:
வலித்தால் வாயைத் திறந்து சொல்.
மறைப்பவள் மேடை ஏறக் கூடாது.

நான்காவது மாதம் தௌலத்
மூலையிலிருந்த மாப் குச்சியை நீட்டினார்.
'கம்பின்னு நினைச்சுக்கோ. தூக்கு.'
தூக்கினேன்.
கேரம்காரர், கால்பந்துக்காரர், நர்ஸ், டை கட்டிய ரூபன்
நான்கு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்,
பளு தூக்குவது பற்றி ஒன்றும் தெரியாத நான்கு பேர்.

கஜபதிதான் சொன்னார்:
'மூச்சு விடமாட்டேங்கிறீங்க, மல்லீஸ்வரி.'

பத்தொன்பது வருஷமாக
நான்தான் எல்லாரையும் பார்க்கிறேன்.
குச்சியைக் கீழே வைக்கும்போது ஈரத் தண்ணீர் காலில் சொட்டியது.
அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்,
முகத்தை இல்லை.

ஜனவரியில் லெவல் டூ பரீட்சை.
தோற்றால் பெண்களுக்குத் தெரிந்துவிடும் என்று
இரண்டு முறை பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருந்தேன்.
தெரியட்டும் என்கிறாள் ஜெசிந்தா.
தெரியட்டும் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.
பணம் கட்டியிருக்கிறேன்.

புதன், காலை பேட்ச் நானில்லாமல் நடந்தது.
'மேம் வரலியா' என்று ஒன்பது மெசேஜ்.
போனைக் கவிழ்த்துப் பைக்குள் போட்டேன்.
எதிரே பிசியோ பையன்,
என் வயதில் பாதி, கையில் பச்சை ரப்பர் பட்டை.
இழுக்கச் சொன்னான். பத்து.

எட்டில் நிறுத்தினேன்.
'இன்னும் ரெண்டு' என்றான்,
அப்படியே என் குரலில்,
இரக்கமே இல்லாமல்.

என்னமாய்க் கோபம் வந்தது தெரியுமா.
ஒன்பது.
மூச்சு விட்டேன்.