இரண்டு யூனிட்

காலை ஆறு, மாலை ஆறு.
முன்னே பின்னே ஆகக் கூடாது என்றார்
சுங்கைப் பட்டாணி டாக்டர் ஹஸ்லினா.
பாடாங் செராய் முச்சந்தியில்
கையுறை ஃபேக்டரி பஸ் ஆறேகாலுக்கு.
அதற்குள்
மீனை மசித்து வைத்து, தின்கிறானா என்று பார்த்து,
ஐஸ்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்திலிருக்கும் குப்பியை
குலுக்காமல் உள்ளங்கைக்குள் உருட்டி,
தோளுக்குப் பின்னே தோலைக் கூடாரமாய்த் தூக்கி
இரண்டு யூனிட்.
கிச்சாப் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
ஆறு மாதமாய் எனக்குத்தான் பல் கூசுகிறது.

பதினாறு வயது அவனுக்கு.
சோயா கிச்சாப் பெட்டிக்குள் கத்திக்கொண்டு கிடந்தவன்,
பெட்டியில் இருந்த பெயரே போதும் என்று விட்டாயிற்று.
இப்போது அந்தக் கறுப்பில் துரு ஏறியிருக்கிறது.

"காசு கூடிப்போச்சா உனக்கு" என்றான் அண்ணன் குணாளன்.
அவனுக்கும் சர்க்கரை.
கிளினிக்கில் சும்மா கொடுத்த ஊசிப்பேனா
அட்டை பிரியாமல் அலமாரியில் கிடக்கிறது.
பூனைக்கு ஸ்ட்ரிப் வாங்க நான் ஞாயிறும் ஓட்டி செய்வதை
கோப்பிக் கடையில் சொல்லிச் சிரிக்கிறானாம்.
சிரிக்கட்டும்.

மாலை ஊசி பக்கத்து வீட்டு ரொக்கியா மாக்சிக்குடையது.
சாவி அவளிடமும் உண்டு.
பிஸ்மில்லா சொல்லித்தான் குத்துவாள்.
நான் ஒன்றும் சொல்வதில்லை, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதோடு சரி.
இரண்டு ஊசிக்கும் அவன் உடம்பு ஒன்றுபோலத்தான் கேட்டது.

ஆனியில் ஒரு சனிக்கிழமை கேட்கவில்லை.
தின்றதையெல்லாம் கட்டிலடியில் கக்கியிருக்கிறான்.
நான் வந்தபோது குளியலறைத் தரையில்
கால்கள் நீந்திக்கொண்டிருந்தன, தண்ணீரே இல்லாமல்.
காதோரம் ஒரு துளி. மீட்டர்
ஒன்று புள்ளி ஒன்பது.
வீட்டில் தேன் இல்லை.
போன தீபாவளிக்கு வாங்கிய ரோஸ் சிரப் இருந்தது.
விரலில் தொட்டுத் தொட்டு ஈறில் தேய்த்தேன்,
அவன் தாடையெல்லாம் சிவப்பு, என் யூனிஃபார்மெல்லாம் சிவப்பு.
மாக்சிக் வாசலில் நின்று "என்னாலதான், என்னாலதான்" என்று
மார்பில் அடித்துக்கொண்டாள்.
நீங்களில்லை என்று சொல்ல எனக்கு வாய் ஒழியவில்லை,
அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
இருபது நிமிடம் கழித்து என்னை முறைத்தான்.
அந்த முறைப்புக்கு
எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அன்றிலிருந்து ஐஸ்பெட்டிக் கதவில்
மலாயும் தமிழுமாய் ஒரு தாள்:
முழுக்கத் தின்றால் இரண்டு.
பாதி தின்றால் போன் பண்ணு.
தின்னாவிட்டால் குத்தாதே.

காலண்டர் தனி.
மளிகைக் கடையில் கொடுத்தது. ராகு காலத்துக்குக் கீழே
கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள்.
நல்ல நாளுக்கு வட்டம், மற்றதற்குப் பெருக்கல் குறி,
பெருக்கல் கூடினால் வாங்க, பேசுவோம் என்றார் டாக்டர்.
எதைப் பேசுவோம் என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
செம்பனை லோரி போகும் சத்தத்துக்கு அவன் காது திரும்பினால்
நல்ல நாள்.
தன்னை நக்கிக்கொண்டால், முதுகுவரை எட்டாவிட்டாலும்.
பின்னங்கால் குதி தரையில் பட நடந்து போய்
மணல் தட்டுக்குள்ளேயே இருந்து முடித்தால்.

செவ்வாய்க்கிழமை மூன்றும் இல்லை.
வட்டம்தான் போட்டேன்.
புதன் இரவு வந்து பார்க்கிறேன்,
அந்த வட்டத்துக்குள் மெல்லிசாய் ஒரு பெருக்கல்.
பச்சை மை. மாக்சிக் கணக்குப் புத்தகப் பேனா.
நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

நேற்று குணாளன் வந்தான்.
"வலிக்காதா இதுக்கு?"
அவனையே கேள் என்றேன்.
கேட்கவில்லை. குனிந்து தலையைத் தடவியவன்
போகும்போது ஊசி எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்டான்.

இன்று ஆறாகப் பத்து நிமிடம்.
மீன் வைத்தாயிற்று.
முகர்கிறான்.
பஸ் சீக்கிரம் வந்துவிட்டது, முச்சந்தியில் ஹார்ன் அடிக்கிறது.
முகர்கிறான்.