பதினேழாவது சுற்று

மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்குத்
தென்மேற்கில் ஏறி
நான்கே நிமிடத்தில் வடகிழக்கே இறங்குவாய்
என்கிறது போன்.
தேவனாம்பட்டினம் மணலில் வண்டியை நிறுத்தி
சுண்டல் பொட்டலத்தோடு நிற்கிறேன்.
மேகம்.

நேற்று அழைத்தபோது சொன்னாய்:
உத்தரம் மாதிரி ஒன்று, பன்னிரண்டு மீட்டர்.
அதை நிலையத்தோடு பூட்ட எட்டு போல்ட்டு.
ஏழு ஏறிவிட்டது.
இருபத்திரண்டு சுற்றில் இறுகவேண்டிய எட்டாவது
பதினேழில் நின்றுகொண்டது.
ஆறரை மணி நேரம் வெளியில் மிதந்தும்
அசையவில்லை.
இன்று ராத்திரி மறுபடி.

முதுநகர் ஐஸ் கம்பெனியில்
அம்மோனியா கம்ப்ரஸர் மூடியைப்
பத்தொன்பது வருடமாகக் கழற்றி மாட்டுகிறவன் சொன்னேன்:
முறுக்காதே, தில்லை.
அரைச்சுற்று பின்னால் விடு.
புரி தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

உன் சிரிப்பு இரண்டு நொடி தாமதமாக வந்தது.
கையேட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில்
ஏற்கெனவே இருக்கிறதாம்.

மஞ்சக்குப்பத்தில் உனக்கு பேனர் வைத்திருக்கிறார்கள்.
கவுன்சிலர் படம் பெரிது, உன்னுடையது சிறிது,
ஹெல்மெட் வேறு யாருடையதோ.
தில்லைநாயகியில் ஒரு துணைக்காலைக் காணோம்.
பார்ப்பவர்களெல்லாம் என்னிடம் கேட்பது
நீ எப்படிக் குளிக்கிறாய் என்று.

நகக்கண் இரண்டு கறுத்துவிட்டதை
நீ கேமராவுக்குக் காட்டவில்லை.
கையுறைக்குள் அவ்வளவு நேரம் இறுக்கியிருக்கிறாய்.
பார்த்தேன்.
கேட்கவில்லை.

கெடிலம் கடலில் சேருமிடத்துக்கு மேலே
மேகம் ஒரு கதவளவு விலகியது.
மினுக்காத வெளிச்சம்,
அவசரமில்லாமல்.
பக்கத்தில் ஒரு பையன் ப்ளேன் என்றான்,
அவன் அப்பாவும் ஆமாம் என்றார்.
நான் திருத்தவில்லை.
கையில் சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது.

உச்சி தாண்டியதும் அணைந்தாய்.
பூமியின் நிழலுக்குள் போவாய் என்று
போன் முன்கூட்டியே சொல்லியிருந்ததுதான்.
இருந்தும் வண்டிச் சாவியைப்
பாக்கெட்டில் மூன்று முறை தேடினேன்.

ராத்திரி ஷிப்டு.
விசைப்படகுகளுக்கு நாற்பது பார் ஐஸ் கேட்டிருந்தார்கள்.
இரண்டரை மணிக்கு கம்ப்ரஸர் சத்தத்தில்
போன் அதிர்ந்தது தெரியவில்லை,
வெளிச்சம்தான் தெரிந்தது.
ஒரே ஒரு எண்:
இருபத்து மூன்று.

போல்ட்டுக்கு இருபத்திரண்டுதானே?
கிரீஸ் கையோடு நின்று கணக்குப் போட்டேன்.
மிச்சம் ஒன்றில்
பாதி பின்னே,
பாதி அதே வழியில் முன்னே.

வெளியே லோடு லாரிக்காரன் ஹாரனை
எடுக்காமல் அழுத்துகிறான்.
வர்றேன்யா, வர்றேன்.