கடைவாய்ப்பல்

லோய் மலையில் டிசம்பர் மூடுபனி
பள்ளிக்கூட வராந்தாவரை ஏறி வந்திருந்தது.
நடமாடும் பல் மருத்துவ முகாம்.
பதினேழாவதாக ஒரு பிக்கு.
சுதம்மோ என்று எழுதிக்கொண்டாள் செவிலி விலாவன்.
வயது ஐம்பத்தொன்று.
கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசிப் பல்.
வேர்வரை சொத்தை.

ஊசி வேண்டாம் என்றார்.
வீம்பு என்று நினைத்தேன்.
வீரம் காட்டிய ஆண்களை நிறையப் பார்த்தாயிற்று,
பாதியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்கள்.
"கால் மணி நேரம் கொடுங்கள், டாக்டர்."
கண்ணை மூடினார்.

மூச்சு முதலில் தெரிந்தது.
பிறகு, தெரிகிறதா என்று சந்தேகம் வந்தது.
கதவு சாத்துகிற சத்தம் ஏதும் இல்லை,
ஆனால் வீட்டில் ஆள் இல்லை என்று
தெருவிலிருந்தே தெரியுமே, அப்படி.

நாடி நாற்பத்தாறு.
நெம்பினேன்.
இரண்டு வேர், ஒன்று கொக்கிபோல் வளைந்தது.
எலும்பு நெரியும் ஓசை எனக்கே கூசியது.
வரிசையில் ஒரு குழந்தை அதைக் கேட்டு வீறிட்டது.
அவர் இமை அசையவில்லை.
இரத்தம் மட்டும்
யாரையும் கேட்காமல் வந்தது.

திரும்பி வர வெகுநேரமாயிற்று.
வந்ததும் அழுதார்.

வலிக்கிறதா?

இல்லையென்று தலையசைத்து,
பஞ்சைக் கடித்தபடி குழறினார்:
"பத்தொன்பது மழைக்காலமாக
அங்கே போய் வருகிறேன்.
அங்கே ஒரு குறையும் இல்லை.
ஒவ்வொரு தடவையும்
போக ஆசைப்பட்டவனையே
கூட்டிக்கொண்டு திரும்புகிறேன்."

அதற்கு என்னிடம் மருந்துச்சீட்டு இல்லை.
உப்புநீரில் கொப்பளிக்கச் சொன்னேன்.
இரண்டு நாள் சூடாக எதுவும் வேண்டாம்.

என் கையிலிருந்து அவர் நேரே வாங்கக்கூடாது.
பல்லைத் துணிமேல் வைத்து நகர்த்தினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நேற்றிரவு முழுக்க
என் பல், என் பல் என்று புலம்பியிருப்பார்.
"இது இப்போது யாருடையது?" என்றார்.
"குப்பைக்கூடையுடையது" என்றாள் விலாவன்,
தலை நிமிராமல்.
வாயிலிருந்த பஞ்சு தெறித்து விழச் சிரித்தார்.

பிக்கப் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.
கன்னத்துக்குள் நாக்கு
அந்தப் பள்ளத்தைத் தேடிப் போவது
வெளியே தெரிந்தது.
போகும். தொடும். திரும்பும்.
மறுபடி போகும்.

சில வாரம் அப்படித்தான் என்று
எல்லோரிடமும் சொல்வேன்.
பல் போன சேதி
நாக்குக்குப் போய்ச் சேர நாளாகும்.
பிறகு எப்போதோ
நிறுத்தியது யார் என்று தெரியாமல்
நின்றுபோயிருக்கும்.

அவரிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.
வண்டி பனிக்குள் இறங்கிவிட்டது.
பதினெட்டாவது ஆள்
நாற்காலியில் வாயைத் திறந்து காத்திருந்தார்.