விற்கும் காரணம்

உபயோகம் அதிகமில்லை. பில் உண்டு, பெட்டி உண்டு.
ஓரத்தில் ஒரு கீறல்.
விற்கும் காரணம் என்ற கட்டத்தில்
ஒரு புள்ளி மட்டும்.
கடையில் இருபத்தெட்டாயிரம். இங்கே பதினொன்று ஐந்நூறு.

இதற்கு முன் ஒருவர் ஒன்பதுக்கே தருவதாகச் சொன்னார்.
ராணுவத்தில் இருக்கிறாராம், இரவோடு இரவாக இடமாற்றமாம்,
போன் விமான நிலையப் பார்சலில் மாட்டிக்கொண்டதாம்,
இரண்டாயிரம் போட்டால் வெளியே வந்துவிடுமாம்.
ஒரு சல்யூட் அடித்து பிளாக் செய்தேன்.

ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டே
தில்ஷாத் சொல்லியிருந்தாள்:
அவங்க வீட்டுக்குப் போகாத. உன் வீட்டையும் காட்டாத.
கேமரா பாக்குற இடமாப் பாத்து நில்லு.
பொருள் கைக்கு வராம பைசா கைய விட்டுப் போகக் கூடாது.
போன வருஷம் அவள் வாங்கியது திருட்டு போன்.
மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அவள் கற்றது
எனக்கு இலவசம்.

ஆக, திருமங்கலம் மெட்ரோ,
டிக்கெட் கவுண்டருக்கு எதிரே, சனிக்கிழமை பதினொரு மணி.
ஹெல்மெட்டோடு வந்து நின்றார் ஜெபசீலன்.
கழற்றுங்கள் என்றேன். கழற்றினார்.
நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு.
அவருக்கும் பயம்தான்.
"நோட்டெல்லாம் நல்ல நோட்டு..." என்று ஆரம்பித்து
"ஜிபேயே பண்ணிடுங்க மேடம்" என்று முடித்தார்.

நான் நரம்பு தேடி ஊசி போடுகிறவள். அவசரப்பட மாட்டேன்.
நட்சத்திரம், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ்.
திரையில் பதினைந்து இலக்கம்,
பெட்டியில் அதே பதினைந்து,
விரல் வைத்து ஒவ்வொன்றாக.
அரசாங்க எண்ணுக்கு அனுப்பிக் காத்திருந்தேன்:
திருடுபோனதாகப் புகார் இல்லை.
கேமராவில் தரை ஓடு, தூண், அவருடைய ஷூ.
தில்ஷாத்துக்கு ஒரு கால்.
"கேக்குதாடி?"
"கேக்குது, கேக்குது. பில்லுல பேரைப் பாரு."

பில்லில் எஸ்தர் சுகிர்தா.
"என் ஒய்ஃப்."
அவங்களைக் கூப்பிடுங்க, நான் பேசணும்.

கோபப்படுவார் என்று நினைத்தேன்.
ஊசியைப் பார்க்க முடியாதவர்கள் திரும்புவதுபோல
எஸ்கலேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு
தன் போனில் எண்ணை அழுத்தினார்.
முதல் தடவை அடித்து ஓய்ந்தது.
இரண்டாவதில், "நான் பேசறதுக்குக் கூப்பிடல.
போன் வாங்குறவங்க கேக்கறாங்க."
ஸ்பீக்கர். பின்னால் எங்கோ ஒரு சமையலறை, குக்கர்.

உங்க போனை விக்கிறார். உங்களுக்குச் சம்மதமா?

ஒரு விசில்.
"இவ்வளவு நாளும் அது அங்கயேவா இருந்துச்சு?"
கேள்வி எனக்கு இல்லை.
"சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருந்தேன்," என்றார்.
பரங்கிமலை ரயிலின் அறிவிப்பு
இரண்டு மொழியிலும் முடியும்வரை
மூவரும் பேசவில்லை.
"வித்துருங்க," என்றாள். "படத்தை எல்லாம் எடுத்துட்டு."

எடுத்து என்றால்
அழித்தா, பத்திரப்படுத்தியா?
அது என் செக்லிஸ்டில் இல்லை.

பழைய கணக்கிலிருந்து வெளியேற்றாத போனைத் தொடாதே,
தில்ஷாத்தின் கடைசி விதி.
திரை கடவுச்சொல் கேட்டது.
திரும்ப அவங்களைக் கூப்பிடணுமே என்று நான் வாயெடுப்பதற்குள்
அடித்து முடித்திருந்தார்.
ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

வெள்ளைக் கோடு மெல்ல நிரம்பியது.
திரை கறுத்து, விழித்து,
என்னை முன்பின் தெரியாததுபோல்
ஏழெட்டு மொழிகளில் வணக்கம் சொன்னது.

கீறலுக்காக ஐந்நூறு குறைத்தேன். குறைத்திருக்க வேண்டாம்.
பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கினேன்:
பதினோராயிரம் பெற்றுக்கொண்டேன்,
எஸ்தர் சுகிர்தாவுக்காக, ஜெபசீலன், தேதி.
விளம்பரத்தை எடுத்துடுங்க என்றேன்.
சரி என்றார், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

புதன்கிழமையும் இருக்கிறது.
அதே படம், அதே விலை, அதே புள்ளி.
நினைவுபடுத்தி ஒரு வரி அனுப்பலாமா என்று
அவருடைய பெயரைத் திறந்து வைத்திருக்கிறேன்.
போனை எப்படிப் பிடித்தாலும்
கட்டைவிரல் அந்தக் கீறலில்தான் படுகிறது.