கல்டோ

பேர்னில் பதினோரு வருடம்.
அங்கே 'கல்ட்' என்றால் குளிர்.
குழாய், ஜனவரி, ஆறிப்போன சோறு,
மேலாளரின் முகம்
எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்
காணுமாயிருந்தது.

கொத்தார்ட் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம், தெசினில்,
முதியோர் இல்லத்துக்கு வேலை மாறி வந்து ஆறு கிழமை.
கருங்கல் சுவர், கருங்கல் கூரை,
எங்களோடு சேர்த்து நாற்பத்திரண்டு பேர் உள்ள ஊர்.
இவர் வெள்ளிக்கிழமை ரயிலில் வருவார்.
என் இத்தாலியனில் இருந்ததெல்லாம்
நோகுதா, எழும்புங்கோ, மருந்து,
யன்னலைத் திறக்கவா, நல்லம்.

ஞாயிறு பின்னேரம் கொதிகலன் இருமியது.
பிறகு இருமவில்லை.
சுடுதண்ணீர்ப் பைப்பில்
மலையிலிருந்து நேரே இறங்கி வந்தது ஆறு.

குழாய்வேலை எல்வேசியோவுக்கு அடித்தேன்.
தண்ணீர் கல்டோ, என்றேன்.
நல்லது, என்றார்.
நல்லதில்லை. மெத்தக் கல்டோ.
எவ்வளவுக்கு?
கை வைக்க ஏலாது. பிள்ளை அழுகிறான்.
வீடு முழுக்கக் கல்டோ!

அவருடைய குரல் மாறியது.
சிவப்புப் பொத்தானை அணையுங்கள், இப்பவே.
யன்னல்களைத் திறவுங்கள். எல்லாவற்றையும்.

யன்னல் எனக்குத் தெரிந்த சொல்.
தொழில் தெரிந்த மனுசன், ஏதோ காரணம் இருக்கும்.
அணைத்தேன். திறந்தேன்.
வெளியே கழித்தல் ஒன்பது.

இருந்த ஜாக்கெட் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு
ஒரே போர்வைக்குள் நானும் ஆரூரனும்.
"ஏனம்மா யன்னல் திறந்திருக்கு?"
"பைப் மாமா சொன்னவர்."
"அவருக்கு விசரா?"
"படு."

விடிய நாலரைக்கு
வடக்குச் சுவருக்குள் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.
தண்ணீர் படியால் இறங்கியது,
வழி தெரிந்த விருந்தாளி மாதிரி,
கீழே வீட்டுக்காரி தெல்ஃபினாவின் நிலவறைக்கு.

எல்வேசியோ வந்தார்.
திறந்த யன்னலைப் பார்த்தார்.
படியில் உறையத் தொடங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார்.
பைப்பைத் தொட்டுவிட்டு,
"ஃபிரெட்டோ" என்றார், மெதுவாக.

இன்னொரு ஆளும் வருகிறார் போல என்று
நான் காஸ் அடுப்பில்
மூன்று கோப்பி போட்டேன்.

பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்ற ஆரூரன்தான் சொன்னான்:
"அம்மா, கல்டோ எண்டால் சூடு.
ஃபிரெட்டோதான் குளிர்.
எங்களுக்கு முதல் கிழமையே படிப்பிச்சவை."
"அப்ப ஏனடா நேற்றுச் சொல்லேல்லை?"
"நீங்கள் ஜெர்மன் கதைக்கிறீங்கள் எண்டு நினைச்சன்."

எல்வேசியோ சிரிக்கவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் போனார்.
அங்கே அவருடைய குறடு
இரண்டு தரம் கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

நிலவறையில் கணுக்கால் வரை தண்ணீர்.
முப்பதுக்கு மேல் வைன் போத்தல்கள்
பெயரைக் கழற்றிவிட்டுக் கிடந்தன.
வருடங்கள் தனியாக மிதந்தன,
ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டன.
எனக்கு மன்னிப்புக்கான சொல்லும் வரவில்லை.
"எழும்புங்கோ" என்றேன், வாயில் வந்தது அதுதான்.
தெல்ஃபினா நின்றுகொண்டுதான் இருந்தாள்.
என்னைப் பார்த்தாள், போத்தல்களைப் பார்த்தாள்,
இனிக் குடித்தால்தான் தெரியும் எது எதென்று,
என்று கையாலே சொல்லி
காலை எட்டு நாற்பதுக்கு ஒன்றைத் திறந்தாள்.
அது வினாகிரி.
அடுத்ததையும் திறந்தாள்.

ஆயிரத்து நூற்று நாற்பது பிராங் பில்.
கடைசி வரி கையால் எழுதியிருந்தது:
தண்ணீர் கல்டா, சரிபார்த்தது.
இத்தாலியனில் தண்ணீர் பெண்பாலாம்,
கல்டோ இல்லை, கல்டா.
அதையும் பிழையாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

நகப்பூச்சால் குழாய்களில் எழுதிவிட்டேன்:
இடது 'சு'. வலது 'ப', பச்சைத்தண்ணீர்.
ஆனாலும் இடதைத் திருப்பும்போது
கை ஒரு நொடி நிற்கிறது.
பேர்ன் கை.