குட்டிக் கழுதை

ஜூ சியாட் சாலையில் ஷட்டர் பாதி இறங்கியபின்
எஸ்தெபான் எனக்கொன்று சுற்றுகிறான்.
புரிட்டோ என்றால் குட்டிக் கழுதையாம்.
ஏன் என்றால் தோளைக் குலுக்குகிறான்.

வடக்கே அவன் பிறந்த சொனோராவில் கோதுமை;
விரித்துப் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரியும்.
தெற்கே இறங்க இறங்க
சுண்ணாம்பு நீரில் வெந்த மக்காச்சோளம்.
(வெற்றிலை இல்லாமல் சுண்ணாம்பா!)
தலைநகரில் கம்பியில் சுழலும் டாக்கோ இறைச்சி
லெபனானிலிருந்து கப்பலேறி வந்த வித்தை.
இங்கே அதன்மேல் சம்பல் கேட்கிறார்கள்.
பக்கத்துப் பொப்பியாக் கடைக் கோ எட்டிப் பார்த்து,
"மடிப்பு சரியில்லை" என்கிறார்.

தேக்காவில் வாங்கிய பச்சைக் காயை நீட்டி
உன் மொழியில் என்ன பேர் என்றான்.
மிளகாய்.
மிளகுபோல் உறைக்கும் காய்.
உங்கள் பக்கமிருந்து வந்து இறங்கியபோது
கைவசம் வேறு சொல் இல்லை,
இருந்தவன் பேரையே வந்தவனுக்கும் வைத்துவிட்டோம்.

வேலை அட்டவணையில் அவன் ஸ்டீவன்.
தையல்நாயகி நான், டயா.

கடைசி முப்பத்துமூன்று.
பேருந்தில் சாப்பிடக் கூடாது.
ஈயத்தாளுக்குள்
மடியில் சூடாகப் படுத்திருக்கிறது
கழுதை,
பிடோக் வரைக்கும்.