வியாழக்கிழமைச் சாவி

அப்பாவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது,
வீட்டில்.
மேசையில் உட்கார்ந்தபடி
"உப்பு எங்கே?" என்பார்.
அம்மா எழுவாள்.

வியாழன் இரவுகளில்
ஒந்தாரோவா துறைமுகத்தின் பின்சந்தில்
சங்கத்தின் கதவு திறக்கும்.
இருபத்தொன்பது ஆண்கள், ஆளுக்கொரு சாவி.
உள்ளே அப்பா சட்டைக்கையை மடித்துவிட்டு
காட் மீனைப் பூண்டெண்ணெயில் கிடத்தி
எண்ணெய் திரண்டு வெளுக்கும்வரை
மண்சட்டியை ஆட்டிக்கொண்டே இருப்பாராம்,
கரண்டி படாமல்,
தொட்டில் ஆட்டுவதுபோல.
எங்கள் தொட்டிலை அவர் ஆட்டியதில்லை.

பெண்களுக்கு ஆண்டில் ஒருநாள், திருவிழாவுக்கு,
அதுவும் மேசைவரை.
அடுப்படி வாசலில் ஒரு கறுப்பு ஓடு.
அதைத் தாண்டக் கூடாது.
பகலெல்லாம் வலை தைத்த விரல்களால்
அம்மா அந்த மீனைப் பிட்டுத் தின்றாள்.
வீடு வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னாள்:
"பூண்டு கொஞ்சம் தூக்கல்."

இப்போது கராசி சூரைப் படகில் எஞ்சின் பார்க்கிறாள்.
மூன்று வாரம் கழித்து டீசல் வாசத்தோடு வருவாள்.
நான் சமைக்கிறேன், துவைக்கிறேன்,
மகளுக்குத் தலை பின்னுகிறேன், கோணலாக.
பள்ளி வாசலில் என்னைப் புகழ்கிறார்கள்.
எனக்கும் அது பிடித்திருக்கிறது, மறைப்பானேன்.
இதே வேலைக்கு அம்மாவை யாரும்
நாற்பது வருடத்தில்
ஒருமுறையும் நிறுத்திப் புகழவில்லை.

மார்ச்சில் சங்கத்தில் வாக்கெடுப்பு.
"அப்புறம் நாங்கள் எங்கே போவது?"
என்றார் எலோய், கண் கலங்கி.
பதினெட்டுக்குப் பதினொன்று.
அப்பா விட்டுப்போன சாவியை
அம்மாவிடம் நீட்டினேன்.
ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
"உலகத்தில் நான் கால்வைக்க வேண்டாத அடுப்படி
அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.
அதையும் திறந்துவிட்டீர்களா?"

ஆனாலும் வந்தாள்.
தெருச் செருப்போடு கறுப்பு ஓட்டை மிதித்து,
ஒரு முக்காலியை நடுவில் இழுத்துப்போட்டு.
"அவர் எங்கே நிற்பார்?" என்றாள்.
காட்டினேன்.
அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சட்டியை ஆட்ட என் மகள் நாரோவா
பத்து எண்ணுவதற்குள் கை வலிக்கிறதென்று ஓடிவிட்டாள்.
எண்ணெய் எனக்குத் திரளவே இல்லை.
அப்படியே பரிமாறினேன்.

ஒரு வாய் வைத்தாள் அம்மா.
பிறகு, எழுந்திருக்காமல்,
"உப்பு எங்கே?"

இருபத்தெட்டு பேருக்கு எதிரே
நான் எழுந்தேன்.